கதவு மூடிய பிறகு

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கடையில் ஈ ஓட்டினேன். ஆவணி பிறந்தும் சீர்வரிசைப் பாத்திரம் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. போனிலேயே வாங்கிவிடுகிறார்களாம். குடத்தைத் தட்டிப் பார்க்காமல் எப்படித்தான் நம்பி வாங்குகிறார்களோ.

மத்தியானம் முழுக்க எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை. ‘ஆழி நிலையம்’ இரண்டாம் பாகம் வந்து பத்து நாளாகியும் ஓயவில்லை. ஓயவும் விடமாட்டேன். நான்தான் அட்மின்.

முதல் பாகம் போல ஒரு விஞ்ஞானப் படம் தமிழில் வந்ததில்லை. கடலுக்கு அடியில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அதை நடத்தும் வருணன் என்ற எந்திரம் ஒருநாள் மனிதர்களுக்கு எதிராகத் திரும்புகிறது. டாக்டர் தாமரை எல்லோரையும் தப்பவிட்டு, தான் மட்டும் உள்ளே நின்று இரும்புக் கதவை இழுத்து மூடுகிறாள். படம் முடிந்தது. ‘வணக்கம்’ என்ற எழுத்தைக் கூடப் போடமாட்டான். பதினெட்டு வயதில் பக்கிரி அண்ணனின் லோக்கல் கேபிளில் முதல்முறை பார்த்தேன். கதவு மூடியதும் திரை ஒரு நொடி நீலமாகும், அடுத்து எங்கள் கோகிலாம்பாள் பாத்திரக்கடை விளம்பரம். அப்பா குடத்தைத் தட்டிக்கொண்டு, “தட்டிப் பாத்து வாங்குங்க!” என்பார். அன்று நான் அழுதுகொண்டே அப்பாவைப் பார்த்தேன்.

தியேட்டரில் ஒரு வாரம் தாங்காத படம். நெகட்டிவ் பாழாகிவிட்டது என்கிறார்கள். இன்றைக்கு உலகமே யூடியூபில் பார்ப்பது, பக்கிரி அண்ணன் தன் கேசட்டிலிருந்து விளம்பரத்தை வெட்டிவிட்டு ஏற்றியதைத்தான். எங்கள் வில்லியனூருக்கு அந்தப் பெருமை உண்டு.

இப்போது வந்திருக்கும் புது டைரக்டர் முதல் காட்சியிலேயே தாமரையை உயிரோடு நடக்க விடுகிறான். நரைத்த முடி, கண்ணாடி! கேட்டால் பேட்டியில் சொல்கிறான், முதல் படத்தின் கடைசிக் காட்சியிலேயே அவள் பிழைத்துவிட்டாளாம். பச்சைப் பொய். செய்த தப்புக்குச் சப்பைக்கட்டு. கடலூர்க்காரன் ஒருவன் குழுவில், “எங்க மாமாவும் தியேட்டர்ல அப்டி ஒரு சீன் பாத்தாராம்” என்று போட்டான். தூக்கிவிட்டேன். படக் கம்பெனிக்காரன் அனுப்பிய ஆள் இல்லாமல் வேறென்ன?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தரகர் வந்தார். பாகூரில் உரக்கடை வைத்திருக்கும் வைத்தியலிங்கம் என்பவரின் மகன். பெயர் அரிகரன். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. அம்மா இல்லை, போய்ச் சேர்ந்து நாலு வருஷமாம். எங்கள் மகள் அனுப்பிரியா ஜாதகத்தோடு எல்லாப் பொருத்தமும் சேருகிறதாம்.

எல்லாம் சேர்ந்தால் எனக்கு உதைக்கும். “ஒண்ணு ரெண்டாவது இடிக்கணுமே, எப்டி எல்லாமே சேருது?” என்றேன். என் வீட்டுக்காரி சுகன்யா தலையில் அடித்துக்கொண்டாள். “சேந்தாலும் குத்தம், சேரலனாலும் குத்தம். நீங்க கொடம் வாங்கல, மாப்ள பாக்கறீங்க.”

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. குழுவில் இரண்டாம் பாகத்தை ஆதரித்து இன்னும் ரெண்டு பேர் முளைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பெண் பார்க்க வந்து போனார்கள்.

பையன் வாட்டசாட்டமாக இருக்கிறான். அளவாகப் பேசினான். அனு காபி கொடுத்தபோது எழுந்து நின்று வாங்கினான். அது எனக்குப் பிடித்தது. வைத்தியலிங்கம் நல்ல உயரம், பேச்சு குறைவு. நானே பேச்சைத் திருப்பினேன்.

“படம்லாம் பாப்பீங்களா தம்பி?”

“பாப்பேன் மாமா. ‘ஆழி நிலையம்’னா ரொம்பப் புடிக்கும்.”

எடுத்த எடுப்பில்! இந்த வயசுப் பையன் வாயிலிருந்து! நான் சுகன்யாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

“எந்த சீன் புடிக்கும்?”

“கடைசி சீன்தான் மாமா. அவங்க கரையில ஒதுங்கிக் கெடப்பாங்களே, அது.”

கரையில் ஒதுங்கி. அப்படி ஒரு காட்சி அந்தப் படத்தில் கிடையாது. அந்தப் படத்தை நூறு தடவை பார்த்தவனிடம் வந்து சொல்கிறான்.

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்திருக்கன் மாமா.” காது மடல் சிவந்தது. அதை நான் கவனித்தேன்.

போனபிறகு அனுவைக் கேட்டேன். “சரிப்பா” என்றாள். அவள் சாதாரணமாக எதற்கும் ‘பாக்கலாம்’ என்பவள். ‘சரி’ என்பது எனக்குப் புதிது.

செப்டம்பர் 1, திங்கள்

சுகன்யாவை உட்காரவைத்துக் கேட்டேன். ஒத்துக்கொண்டாள். தரகரிடம் போனில் சொன்னாளாம், “பொண்ணோட அப்பாக்கு அந்தப் படம்னா உசுரு, அதப் பத்திப் பேசுனா குளுந்துடுவாரு” என்று. ஆக, பாடம் படித்துவிட்டு வந்திருக்கிறான். பாடத்தையாவது ஒழுங்காகப் படித்தானா? யூடியூப் படத்தைப் பார்க்கக்கூடச் சோம்பல். புது டைரக்டரின் பேட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே ஒப்பித்திருக்கிறான்.

“ஒரு படத்துக்கு ஏங்க இப்டி?”

படத்துக்கு இல்லை. பெண்ணைப் பெற்றவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பார்க்காததைப் பார்த்தேன் என்கிறான். நாளைக்கு அவளிடம் எதையெதைச் சொல்லுவான்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கடையைச் சுகன்யாவிடம் விட்டுவிட்டு, கொள்முதல் என்று சொல்லி சேதராப்பட்டு போனேன். ஷிப்ட் விடும் நேரம். கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். டீ வந்த பிறகுதான், இதோடு எப்படிக் குடிப்பது என்று உறைத்தது.

அரிகரன் வந்தான். பீடி சிகரெட் இல்லை. கேட் அருகே நின்ற வடநாட்டுப் பையன்கள் ரெண்டு பேரிடம் ஏதோ சிரித்துப் பேசினான். ஒருவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். ஏன் ஏற்றிக்கொண்டு போகிறான்? எங்கே?

அடுத்த பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டான். அவ்வளவுதான்.

ஒரு குறையும் கண்ணில் படவில்லை. குறையே தெரியாத பாத்திரத்துக்குத்தான் அடியில் ஓட்டையை மறைத்துப் பற்று வைத்திருப்பான். இது கடைக்காரனுக்குத் தெரியும்.

செப்டம்பர் 3, புதன்

தரகருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். “பையன் பொய் சொல்றவன்” என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

ராத்திரி சாப்பாட்டில் அனுவுக்குச் சொன்னேன். தட்டைத் தள்ளவில்லை, அழவில்லை. முழுக்கச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து சொன்னாள்: “எனக்கு அந்தப் படம் சுத்தமாப் புடிக்காதுப்பா. சின்ன வயசுலேர்ந்து உனக்காகப் புடிக்குதுன்னு சொல்லிக்கினு இருக்கன். நானும் பொய் சொல்றவதான். என்ன எங்க தள்ளுவ?”

போய்ப் படுத்துவிட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

நாலு நாளாக அனு என்னோடு பேசவில்லை. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. காலையில் போகிறாள், வருகிறாள். ‘தண்ணி வேணுமா’ என்றால் தலையாட்டல். வீட்டில் சுகன்யாவும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

தப்பு செய்துவிட்டேனா? இல்லை. அந்தக் காட்சி இல்லவே இல்லை. இருந்தால் அல்லவா நான் தப்பு.

பக்கிரி அண்ணனிடம் போனேன். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அந்தப் பழைய கேசட்டைக் கொடுங்கள், குழுவில் எல்லோருக்கும் போட்டுக்காட்டிப் புது டைரக்டர் வாயை அடைப்போம் என்றேன். அவர் மிஷின் மூடியைத் திறந்து எதையோ துடைத்துக்கொண்டே, “அது பூஞ்சை புடிச்சிப் பூட்ச்சிடா நவநீதா, எப்பவோ தூக்கிப் போட்டுட்டன்” என்றார். போன வருஷம்தான் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னார். அவரும் எதையோ மறைக்கிறார். எல்லோரும் மறைக்கிறார்கள்.

ஒருவேளை கம்பெனிக்காரன் அவரையும் பிடித்துவிட்டானோ?

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று நடந்ததை விடாமல் எழுதிவிட வேண்டும்.  

காலை கடையில் நானும் பக்கிரி அண்ணனும் இருந்தோம். ஞாயிறானால் அவர் டீ குடிக்க வருவது வழக்கம். வைத்தியலிங்கம் தனியாக உள்ளே வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

“வேணாம்னு சொன்னது உங்க இஷ்டம்ங்க. அதுக்கு வரல. எம் பையன் பொய் சொல்றவன்னு தரகர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கீங்க. பாகூர் முழுக்கச் சுத்தி வந்துடுச்சு. இன்னா பொய் சொன்னான், அத்த மட்டும் சொல்லுங்க.”

சொன்னேன். இல்லாத காட்சியைப் பார்த்தேன் என்றான், அதுதான் என்றேன். சொல்லும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பித்தளைச் சொம்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, தோளுக்கு மேல் வளர்ந்த ஒரு பிள்ளையின் அப்பாவிடம், சினிமா சீன்.

 “இதுக்கா?” என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல நானும் எஞ் சம்சாரமும் கடலூர்ல பாத்த படம்ங்க அது. கதவு மூடிடும். எல்லாம் முடிஞ்சிதுன்னு நான் எழுந்துட்டன். அமுதம் கையப் புடிச்சி இழுத்து ஒக்கார வச்சா. பாத்தா, அந்தப் பொண்ணு கரையில கெடக்குது. எழுந்து, தள்ளாடித் தள்ளாடி நடந்து போவுது. அமுதம் அழுதா. நாங்க ரெண்டு பேரும் சேந்து பாத்த மொத சினிமா அதான்.”

நான் என்ன நினைத்தேன்? நினைத்ததை எழுதத்தான் இந்த நோட்டு. அப்பனும் மகனும் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். செத்துப்போனவளையும் சாட்சிக்கு இழுக்கிறார் என்று நினைத்தேன். “யூடியூப்ல இருக்குதுங்க, நீங்களே பாருங்க” என்று போனைக் கூட எடுத்துவிட்டேன்.

“நிறுத்துடா நவநீதா.” பக்கிரி அண்ணன். டீ கிளாஸைக் கீழே வைத்தார். “அவுரு சொல்றது நெசம். அந்தத் துண்டு இருந்துச்சு.”

“எங்க இருந்துச்சு?”

“கேசட்லதான். உங்கப்பா வெளம்பரம் போடணும்னு கேட்டாரு. நான் ராவுல கேசட்ட மாட்டிட்டு வூட்டுக்குப் போயிடுவன். வெளம்பரம் தனியா இருந்தா யாரு மாத்தறது? படத்தோட பின்னாடியே ஏத்துனாதான் தானா ஓடும். கேசட்ல எடமில்ல. கதவு மூடிட்ச்சே, கத முடிஞ்சிதுன்னு நெனச்சன். அப்பறம் சும்மா மணலத்தான் காட்டினு இருந்தான். அதும்மேல ஏத்திட்டன்.” தலையைக் குனிந்துகொண்டார். “அந்த எடத்துலதான்டா உங்கப்பா கொடத்தத் தட்டிக்கினு நிக்கிறாரு.”

“ஏன் சொல்லல? இத்தன வருஷம்?”

“அடுத்த வாரமே ஊரெல்லாம், ஆகா இன்னா முடிவு, இன்னா முடிவுன்னு பேசறீங்க. நீ வந்து என் கையப் புடிச்சிக்கினு அழுத. எந்த வாயால சொல்றது? அப்பறம் யூடியூப்ல ஏத்திட்டன், வெளியூர்லாம் ஆகா ஓகோன்ட்டான். அதுக்கப்பறம் சொல்ல முடியுமா?”

வைத்தியலிங்கம் வாசலுக்கு நடந்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, “வரேங்க” என்று போய்விட்டார். பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாடியே போயிருக்கலாம். 

ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவரை மட்டும் முழுசாகச் சந்தேகப்படவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

குழுவில் உண்மையை எழுதினேன். கடைசிக் காட்சி இருந்தது, நம் கேசட்டில்தான் அழிந்தது, இரண்டாம் பாகம் சொல்வதுதான் சரி என்று.  அப்புறம் ஒருவன்: “அட்மின் அண்ணா, நீங்களும் வெல போய்ட்டீங்களா?”

ஒரு மணி நேரத்தில் என்னை அட்மினிலிருந்து இறக்கிவிட்டார்கள். சிரிப்பு வந்தது. நான் வளர்த்த பிள்ளைகள்தானே.

அனுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். “இப்ப ஒரு சீன் கெடச்சிடுச்சுன்னு அவன் நல்லவனாயிட்டானா? கெடைக்கலனா?” என்றாள்.  “உனக்கு அந்தப் பையன் புடிச்சிருக்குதாமா?” என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்வதற்கு முன்பே இதைக் கேட்டிருக்க வேண்டியவன்.

“புடிச்சிருந்துது” என்றாள். இறந்தகாலம். 

செப்டம்பர் 16, செவ்வாய்

நாளைக்குப் புரட்டாசி பிறந்துவிடும், அப்புறம் ஒரு மாதம் நல்ல காரியம் யாரும் பேசமாட்டார்கள். அதனால் இன்றே பாகூருக்குப் போனேன். தனியாக. ஏரிக்கரை ஓரமாகவே ஸ்கூட்டரை ரொம்ப மெதுவாக ஓட்டினேன். எவ்வளவு மெதுவாகப் போனாலும் பாகூர் வந்துவிடுகிறது.

உரக்கடையில் வைத்தியலிங்கம் இல்லை. அரிகரன் இருந்தான். இந்த வாரம் ராத்திரி ஷிப்ட், பகலில் அப்பாவுக்கு உதவி. மூட்டையை இறக்கிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தான். “தப்பா பேசிட்டன் தம்பி” என்றேன். எத்தனையோ ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வந்தது அவ்வளவுதான்.

“நீங்க முழுசாத் தப்பில்ல மாமா” என்றான். “நான் அந்தப் படத்தப் பாத்ததே இல்ல. பாத்தன்னு சொன்னது பொய்தான். அம்மாதான் சொல்வாங்க. கரண்ட் போனா அந்தக் கதையத்தான் சொல்வாங்க. ஒவ்வொரு சீனா, குரலெல்லாம் மாத்தி. யூடியூப்ல பாக்கலாம்னு ஒருவாட்டி போட்டன். அம்மா சொன்ன மாதிரி இல்ல, நிறுத்திட்டன்.”

“அத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“பொண்ணு பாக்க வந்த எடத்துல, எங்கம்மா இப்டி சொல்வாங்கன்னு ஆரம்பிச்சா எனக்குத் தொண்ட அடைச்சிக்கும் மாமா. அதான் பாத்தன்னு சொல்லிட்டன்.”

காது மடல் சிவந்தது. அன்றைக்கும் இதேதான் சிவந்தது. நான் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டேன்.

அனுவுக்காகப் பேச வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான். “அப்பா ரொம்ப நொந்துட்டாரு. அவுருதான் முடிவு சொல்லணும்.”

அக்டோபர் 5, ஞாயிறு

புரட்டாசி. பாகூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. போன் அடித்தால் சுகன்யாவும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறோம். எல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள்.

அக்டோபர் 9, வியாழன்

பக்கிரி அண்ணன் கடைப்பக்கம் வருவதே இல்லை. ஜெராக்ஸ் கடைக்குப் போய், “டீ ஆறுது, வாங்க” என்றேன். வந்தார். படத்தைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. டீயும் குடிக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அனு எனக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். “கண்ண மூடுப்பா” என்றாள். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து முதல்முறை ‘அப்பா’.

அக்டோபர் 22, புதன்

தரகர் வரவில்லை. வைத்தியலிங்கமே போன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை.

“பையனக் கேட்டன். உங்க பொண்ணத்தான் கட்டுவன்றான். உங்க பொண்ணக் கேட்டீங்களா?”

போனை அனுவிடம் கொடுத்தேன். அவள் உள்ளே எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் சுகன்யாவும் வெளியே நின்றோம். காதை வைத்துக் கேட்கலாம். கேட்கவில்லை. சுகன்யா கேட்டாள்.

வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு. “சரின்னுட்டன்” என்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

நவம்பர் 9, ஞாயிறு

நிச்சயதாம்பூலம் முடிந்தது. எங்கள் வீட்டிலேயே, ரெண்டு பக்கத்திலும் நெருங்கியவர்கள் மட்டும். தட்டு மாற்றிக்கொண்டபோது வைத்தியலிங்கம் என்னைச் ‘சம்பந்தி’ என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டேன்.

பந்தியில் அரிகரனுக்குப் பக்கத்தில் எனக்கு இலை போட்டார்கள். எதிரே அனு. அவனைக் கேட்டேன், அந்தக் கடைசி சீனை அம்மா எப்படிச் சொல்வார்கள் என்று. முழுசாக. நான் பார்த்ததே இல்லையே.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னான். அம்மா குரலிலேயே சொன்னான் போல, பாகூர்ப் பெண்கள் இழுத்துப் பேசுகிற மாதிரி. விடியற்காலை. கடல் சத்தம் மட்டும். மணலில் தாமரை குப்புறக் கிடக்கிறாள். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காது. ஒரு நண்டு பக்கத்தில் வந்து நிற்கும். அப்புறம் அவள் விரல் ஒன்று, ஒன்றே ஒன்று, அசையும். நண்டு ஓடும். படம் முடிந்துவிடும். “எழுந்திருக்கவே மாட்டாங்க மாமா. வெரல் மட்டுந்தான். அம்மா இப்டி என் கைய இலேசாத் தட்டிக் காட்டுவாங்க.” தொண்டை அடைத்துக்கொண்டது. அனு தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் அப்பா சொன்னதில் அவள் எழுந்து, தள்ளாடித் தள்ளாடி நடந்து போனாள்.

ரெண்டும் ஒத்துப்போகவில்லை. வைத்தியலிங்கம் ரெண்டு இலை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கலாம்.

பாயசம் வந்தது. மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.